படித்த படிப்பு வீணாகுமா?



சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என் மேசையைவிட்டு அகல மறுக்கிறது. எழுதியவர் ஒரு தந்தை. மகளைக் கடன் வாங்கிக் கல்லூரியில் படிக்க வைத்திருக்கிறார். அவளும் நன்கு படித்துப் பட்டம் பெற்றுவிட்டாள். நகரத்தில் நல்ல ஊதியத்தோடு ஒரு வேலையும் காத்திருக்கிறது. அவளோ, மலைவாழ் மக்களிடையே பணிபுரியும் குழு ஒன்றில் சேரப் போவதாகச் சொல்கிறாளாம். "நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆயினும் படித்த படிப்பு வீணாகாதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அந்தத் தந்தையை நான் குறைகூற மாட்டேன். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவர்; வட்டி கட்டுகிறவரும் அவரே. அவருடைய கேள்விக்கு அறிவுரை ஒன்றை விடையாக எழுதி அனுப்புவது எளிது. அதை அவர் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். எனவே, பட்டம் பெற்ற நாள் தொட்டு இறக்கும் நாள் மட்டும் அறுபது ஆண்டுகளைப் பிறர்நலப் பணியில் கழித்த ஒரு பெண்மணியின் கதையை இம்மாதம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அவர் படித்த படிப்பு வீணாயிற்றா இல்லையா என்பதை அந்தத் தந்தையே பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் பெயர் அன்னா டெங்கெல். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அக்காலத்து இந்தியாவைச் சிறிது நினைவுகூர வேண்டும். சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள அரசு மகளிர் மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைப்பார்கள். அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்ந்த பெண்களுக்கென்று ஏற்பட்ட மருத்துவமனை என்பதால் அப்பெயர். 1880-களில் அதைத் தோற்றுவிக்கக் காரணமாயிருந்தவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண்கள் நால்வருள் அவர் ஒருவர். திண்டிவனத்தில் நடந்தது அதைவிடப் பலருக்கும் தெரிந்த நிகழ்ச்சி. 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடித்த மனைவியருக்காக மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அமெரிக்க மருத்துவர் ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்கள் தேடி வந்தது மருத்துவரை அன்று. அவருடைய இளம் மகளை. மருத்துவம் அறியாத அப்பெண், தன் தந்தையை அழைத்துப் போகும்படி மன்றாடினாள். ஆடவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். அந்த இளம் மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே திரும்பிவந்து வேலூரில் அவர் தொடங்கிய பணி எவ்வளவு பெரிய ஆலமரமாயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பாட்டியாரும் இதைப் போன்ற ஒன்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய தமக்கை தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் துன்புற்றாராம். மூன்று கல் தொலைவில் அரசாங்க டாக்டர் இருந்தார். "டாக்டரையா கூப்பிடச் சொல்கிறாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் திகைத்தார்களாம். அதற்குமேல் பாட்டி சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

பெண் மருத்துவர் இல்லாத இடத்தில் பெண்ணுக்கு மருத்துவமே இல்லை என்பதே அன்றைய நிலை. இதை அறிந்த சீர்திருத்தச் சபையினர் பெண் மருத்துவர்களை அனுப்பத் தொடங்கிவிட்டனர். ஊர்தோறும் கன்னியர் மடங்களை வைத்திருந்த கத்தோலிக்கர் ஏன் அனுப்பவில்லை? இதற்கு மறுமொழி சொல்வது நமக்குச் சற்று வருத்தந்தரும் செயலே. திருச்சபையின் சட்டம் அதற்கு இடந்தரவில்லை.

சட்டத்தின் வேர் மிகப் பழையது. பொருளீட்டுவதற்காகத் துறவிகள் மருத்துவம் பயில்வதை 1139-ஆம் ஆண்டின் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் தடுத்தது. குருக்கள் கத்தியும் சூட்டுக்கோலும் எடுத்து அறுவை வைத்தியம் செய்யலாகாதென்று 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அக்காலத்துக்கு அது நல்ல விதியாகவே இருந்திருக்கும். மந்திரிப்பதை விட்டுவிட்டு மருந்துப் பையோடு பணக்காரர் வீடுகளுக்கு அலையும் குருவை எவர் விரும்புவர்? காலம் மாறியது, விதி மாறவில்லை. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், திருப்பீடத்தின் சிறப்பு அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவத் தொழில் செய்யலாகாது என்றிருந்தது. துறவற சபையினருக்கும் அது பொருந்தும் என்றிருந்தது. கன்னியர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பணிவிடை செய்யலாம். பிரசவம் பார்ப்பது அவர்களுடைய நிலைக்குத் தகாதது என்றே கருதப்பட்டது. சட்டத்தை எழுதியவர்களுக்குத் திண்டிவனத்து இரவு தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தச் சுவரில் முதலில் தட்டியவர் ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி. 1837-இல் பிறந்தவர், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் புதல்வி. தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது என்பதால் பிரான்சு சென்று, மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் 1878-இல் பட்டம் பெற்றார். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். நம் வடபுலத்துப் பெண்களின் நிலையைக் கேள்வியுற்று, எழுபது வயதுக்கு மேல் கப்பலேறி, அக்காலத்து இந்தியாவின் வடமேற்கு மூலையிலிருந்த ராவல்பிண்டிக்கு வந்தார். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று புனித கத்தரீனாள் மருத்துவமனை எழுந்தது. கன்னியர் மருத்துவம் பயில இடந்தர வேண்டுமென்று உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். பயனில்லை. ஆகவே, துறவறம் பூணாத இளம்பெண்களையாவது மருத்துவராக்கி அனுப்ப முயன்றார்.

அந்த முயற்சி எட்டிய இளம்பெண்களுள் ஒருவர்தான் நம் அன்னா. ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில், லெக் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்டீக் என்னும் சிற்றூரில், 1892 மார்ச் 16-ஆம் நாள் பிறந்தவர். பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. சிறுமியாக இருக்கும்போதே தாயை இழந்தவர். கன்னியர் பள்ளியில் பயின்று, பிரான்சில் லியோன் நகரத்தில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தார். மருத்துவர் இல்லாமையால் இந்தியப் பெண்கள் மாண்டுபோகிறார்கள் என்றும், மக்லாரன் அம்மையார் ஆட்களைத் தேடுகிறார் என்றும் அவருக்குச் செய்தி எட்டியது. உடனே கடிதம் எழுதினார். அம்மையாரும் மறுமொழி எழுதினார்: பிரித்தானிய ஆட்சியிலுள்ள இந்தியாவில் தொழில் நடத்த வேண்டுமானால் பிரித்தானியப் பட்டமே செல்லும், ஆகவே அயர்லாந்து சென்று படி என்று வழிகாட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. 1913 ஏப்ரல் 17-ஆம் நாள், பிரான்சின் தென்கரையில், மக்லாரன் அம்மையார் காலமானார். இளம்பெண்ணின் கையில் எஞ்சியவை சில கடிதங்களே.

இவ்விடத்தில் நம் கடிதக்காரத் தந்தை சற்று நின்று யோசிக்க வேண்டும். அழைத்தவர் இறந்துவிட்டார். ஆங்கிலம் இனித்தான் கற்க வேண்டும். பணமில்லை. ஊருக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்னா அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்று மருத்துவ மாணவியானார். 1914-இல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியர் என்பதால் அவர் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார். வீட்டோடு தொடர்பு அற்றுப்போயிற்று. மக்லாரன் அம்மையாரின் நண்பர்கள் கொடுத்த உதவி போதாதபோது பாடம் சொல்லிக்கொடுத்துச் சிறிது ஈட்டினார். வெளியே போர், 1916-இல் அயர்லாந்திலேயே எழுச்சி, உள்ளே உடற்கூறு, மருந்தியல், தேர்வு. 1919-இல் மருத்துவப் பட்டத்தைப் பெற்றார்.

பட்டம் கிடைத்ததும் பயணம் கிடைக்கவில்லை. எதிரி நாட்டில் பிறந்தவரை இந்தியாவுக்கு அனுப்ப அரசாங்கம் தயங்கியது. அனுமதி வரும்வரை இங்கிலாந்தில் மருத்துவராகப் பணியாற்றிக் காத்திருந்தார். 1920-இல்தான் ராவல்பிண்டிக்கு வந்து சேர்ந்தார், தம்மை அழைத்தவர் தோற்றுவித்த அதே மருத்துவமனைக்கு.

அந்நகரத்தில் அவர் கண்டதை விரித்துரைக்க வேண்டியதில்லை. திண்டிவனத்து இரவு அங்கே அன்றாடம் நிகழ்ந்தது என்றால் போதும். திரையிட்ட வண்டிகளில் பெண்கள் வந்தார்கள். பலர் காலங்கடந்து வந்தார்கள். மருத்துவம் அறிந்தவர் ஒருவர். வாசலில் காத்திருந்தோர் எண்ணற்றோர். உடனிருந்த கன்னியர் நல்ல உள்ளத்தினர், அயராத உழைப்பினர். ஆனால் பிரசவ அறையில் துணை நிற்கச் சட்டம் அவர்களுக்குக் குறுக்கே நின்றது. நான்கு ஆண்டுகள் அன்னா அங்கே உழைத்தார்.

அந்த நான்கு ஆண்டுகளில் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று என்று நான் எண்ணுகிறேன். தனியொரு மருத்துவர் எத்தனை திறமையுடையவராயினும், அவர் நோயுற்றாலோ, ஊர் திரும்பினாலோ, இறந்தாலோ எல்லாம் முடிந்துபோகும். மக்லாரன் அம்மையாரின் வாழ்வே அதற்குச் சான்றன்றோ? தொடர்ந்து ஆள் வரவேண்டுமானால் ஒரு குடும்பம் வேண்டும். அதே வேளையில் துறவற வாழ்வை நாடும் ஏக்கமும் அவருள் இருந்தது. ஏற்கெனவே உள்ள ஒரு சபையில் சேர்ந்தால் கன்னியாகலாம். ஆனால் மருத்துவத்தைக் கைவிட வேண்டும். மருத்துவராகவே இருந்தால் கன்னியாக முடியாது. வார்த்தைப்பாடா, வைத்தியமா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது சட்டம்.

1924-இல் அவர் தாய்நாடு திரும்பி, இன்ஸ்புருக் நகரில் ஞான ஒடுக்கம் செய்தார். அங்கே அவருக்கு வழிகாட்டிய இயேசு சபைக் குரு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இரண்டையும் இணைக்கும் புதிய சபை ஒன்றைத் தொடங்கும்படி கூறினார். சொல்லுவது எளிது! சட்டமே இல்லாத இடத்தில் சபையை எங்ஙனம் தொடங்குவது?

அன்னா அமெரிக்கா சென்றார். அங்கே திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த மைக்கேல் மேத்திஸ் என்னும் குருவானவர் அவருக்குத் துணையானார். இருவரும் கண்ட வழி மிகவும் எளியது; எனக்கு அதை எண்ணும்போதெல்லாம் வியப்பு ஏற்படும். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தால்தானே சட்டப்படி துறவி? அதைக் கொடாமலே துறவிகளைப்போல வாழ்வது. செபமும் ஒழுங்கும் பொதுவாழ்வும் உண்டு. பெயர் மட்டும் 'பக்தி சபை'. என்றேனும் திருச்சபை கதவைத் திறந்தால் அன்று முறைப்படி உள்ளே செல்வது. சட்டத்தை மீறவில்லை, சட்டத்துக்காகக் காத்திராமலும் இல்லை. பால்டிமோர் பேராயர் மைக்கேல் கர்லி ஆண்டகை இதற்கு இசைவளித்தார்.

1925 செப்டம்பர் 30-ஆம் நாள், வாஷிங்டன் நகரில் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் கூடி வாழத் தொடங்கினர். இருவர் மருத்துவர், இருவர் செவிலியர். இன்று 'மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள்' எனப்படும் சபையின் பிறப்பு அதுவே. இரண்டு ஆண்டுகளுக்குள் ராவல்பிண்டியில் 'திருக்குடும்ப மருத்துவமனை' தொடங்கப்பட்டது.

அதன்பின் நடந்தது பதினோர் ஆண்டுக் காத்திருப்பு. கைகட்டிக் காத்திருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அன்னா ஊர் ஊராகச் சென்று பேசினார், கட்டுரை எழுதினார், நன்கொடை திரட்டினார், ஆயர்களையும் குருக்களையும் கண்டு விளக்கினார். இத்தனையும் செய்தது தாழ்மையோடு. அதே வேளையில் விடாப்பிடியாகவும். கீழ்ப்படிதல் என்றால் வாய்மூடி இருத்தல் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அன்னா ஒருநாளும் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை, ஒருநாளும் வாய்மூடியிருந்ததும் இல்லை.

1936 பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று, பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் காலத்தில், மறைபரப்புப் பேராயம் ஓர் அறிவுரை மடலை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவும்பொருட்டுக் கன்னியர் மருத்துவப் பட்டமும் செவிலியர் பட்டமும் பெறலாம், பிரசவ உதவியும் செய்யலாம் என்பது அதன் சாரம். அனுமதித்தது மட்டுமன்று, அதற்கெனப் புதிய சபைகள் தோன்றுவதையும் அது விரும்பியது. ஏழு நூற்றாண்டுக் கதவு ஒரு மடலில் திறந்தது. இது ஒரே ஒரு பெண்ணால் நிகழ்ந்ததென்று சொன்னால் மிகையாகும். மறைபரப்பு நாட்டு ஆயர்கள் பலரும் இதை வேண்டி நின்றார்கள். ஆயினும் மாதிரி ஒன்று கண்முன் நடந்துகொண்டிருந்தது என்பது பெரிய வாதமல்லவா? ராவல்பிண்டியின் பிரசவ அறைகள் எந்த விண்ணப்பத்தைவிடவும் உரக்கப் பேசியிருக்கும்.

இங்கே நம் அண்டை மாநிலத்துச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மேரி குளோரி என்ற இளம் பெண் மருத்துவர் இருந்தார். 1915-இல் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்தார். அது மக்லாரன் அம்மையாரைப் பற்றியது! படித்த அன்றே தம் வாழ்வு எதற்கென்று உணர்ந்ததாக அவர் வரலாறு கூறுகிறது. 1920-இல், அன்னா ராவல்பிண்டிக்கு வந்த அதே ஆண்டில், மேரி ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பரின் சிறப்பு அனுமதியால், கன்னியாக இருந்தே மருத்துவம் செய்யும் பேறு அவருக்குக் கிட்டியது. 1957-இல் மரிக்கும்வரை இந்நாட்டிலேயே உழைத்தார். இந்தியாவின் கத்தோலிக்க மருத்துவமனைகள் இன்று ஒரு சங்கமாக இணைந்திருப்பதற்கு 1943-இல் வித்திட்டவர் அவரே. ராவல்பிண்டியில் ஒருவர், குண்டூரில் ஒருவர். இருவரையும் அழைத்தது ஒரே கிழவியின் குரல். அதிலும் மேரியை அவர் அழைத்தது தாம் இறந்து இரண்டாண்டு கழித்து.

மீண்டும் அன்னாவிடம் வருவோம். கதவு திறந்தபின் சபை விரைந்து வளர்ந்தது. சகோதரிகள் பாட்னாவுக்கு வந்தார்கள். பின்னர் தில்லிக்கு வந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றார்கள். அவற்றையெல்லாம் பட்டியலிட நான் விரும்பவில்லை. பாட்னாவில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். குடும்பத் தலைவியர் கவனித்துப் படிக்க வேண்டும்.

1948 ஆகஸ்டு மாதம், கல்கத்தா லொரேட்டோ மடத்தின் ஆசிரியை ஒருவர், உரோமையின் அனுமதியோடு மடத்தை விட்டு வெளியேறி, நீலக்கரையிட்ட வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு, பாட்னாவிலிருந்த திருக்குடும்ப மருத்துவமனைக்கு வந்தார். சேரிகளில் பணிபுரியுமுன் சிறிது மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டுமென்பது அவர் நோக்கம். ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவத்தின்போது துணை நிற்பது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பேணுவது ஆகியவற்றை அன்னாவின் சகோதரிகளிடம் கற்றார். அவர் யாரென்று வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். 2016-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற அன்னை தெரேசாதான்.

அவர் அப்போது ஒரு திட்டம் வைத்திருந்தார். தாம் தொடங்கவிருக்கும் சபையினர் ஏழையிலும் ஏழையைப்போலச் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழ்வார்கள் என்பது அது. நாம் கேட்டிருந்தால் எத்தனை புனிதமான எண்ணம் என்று கைகூப்பியிருப்போம். மருத்துவச் சகோதரிகள் கைகூப்பவில்லை. இப்படி உண்டால் உன் கன்னியர் காசநோயால் ஒருவர்பின் ஒருவராகச் சாவார்கள். பிறகு ஏழைக்கு யார் பணிபுரிவது? உழைக்கிற உடலுக்கு உணவு வேண்டும், ஓய்வும் வேண்டும், உடலைத் தூய்மையாக வைத்திருக்கவும் வேண்டும் என்று நேராகவே எடுத்துரைத்தார்கள். அன்னை தெரேசா கேட்டுக்கொண்டார். அவருடைய சகோதரிகள் எளிய உணவை உண்டாலும் வயிறார உண்ண வேண்டும் என்பது பின்னர் அவர் சபையின் வழக்கமாயிற்று.

இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. பக்தி பொங்கும் இடத்தில் படிப்பு பேசியது. பக்தியும் அதைக் கேட்டது. மருத்துவம் கற்ற கன்னியர் என்று ஒரு கூட்டம் இல்லாதிருந்தால், கல்கத்தாவின் அந்தச் சிறு கூட்டம் முதற்பத்தாண்டிலேயே நோயில் கரைந்திருக்கலாம். இதை நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆனாலும் பிள்ளை பெற்றுப் பாலூட்டிக்கொண்டே ஒருசந்தி இருந்து இளைத்துப்போகும் நம் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்னா மருத்துவமனையின் நினைவு வரும்.

இனி, கடிதம் எழுதிய ஐயாவுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அவர் கணக்குப் பார்ப்பவர் என்று தோன்றுகிறது. அன்னா டெங்கெல் மருத்துவம் படித்தது ஆறேழு ஆண்டுகள். போரும் வறுமையும் தனிமையுமாகப் படித்தது. ராவல்பிண்டியில் நோயாளிகளின் கட்டிலருகே நின்றதோ நான்கே ஆண்டுகள். 1925-இலிருந்து 1967 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், சபையின் தலைமைப் பொறுப்பு அவர்மீது இருந்தது. அவ்வாண்டுகள் பெரும்பாலும் கடிதம் எழுதுவதிலும், பயணத்திலும், பணம் திரட்டுவதிலும், இளம் சகோதரிகளைக் கல்லூரிகளுக்கு அனுப்புவதிலும் கழிந்தன. கத்தி பிடித்த கை பேனா பிடித்தது. வெறும் கணக்காகப் பார்த்தால் அவருடைய படிப்பும் வீணானதே! அவர் மனத்துக்குள்ளும் அந்த வருத்தம் இருந்திருக்கலாம். நல்ல மருத்துவருக்கு நோயாளியை விட்டு நாற்காலியில் அமர்வது எளிதான செயலன்று.

ஆனால் அவர் பட்டம் பெறாதவராயிருந்தால் அந்தக் கடிதங்களை எழுதியிருக்க முடியாது. பிரசவ அறையில் நின்றறியாத ஒருவர், பிரசவ அறைக்குள் கன்னியர் வரவேண்டுமென்று உரோமையிடம் வாதாடினால் எவர் செவிசாய்ப்பர்? தன் கையால் நாடி பிடித்துப் பார்த்து, தன் கண்முன் உயிர் பிரிவதைக் கண்டவர் எழுதியதால் அவ்வெழுத்துக்கு எடை இருந்தது. அந்த நான்கு ஆண்டுகள் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கும் சோறு போட்டன.

அவர் பணியைப் பற்றிக் கூறும்போது நினைவிற்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. ராவல்பிண்டி மருத்துவமனையின் வாசலுக்கு வந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். அவர்களை மதம் மாற்றுவதற்கான தூண்டிலாக மருந்துச் சீட்டு பயன்படவில்லை. நோயுற்றவள் நலம்பெற்று வீடு திரும்ப வேண்டும் என்பதே நோக்கம்; அந்தப் பணியே போதுமான சாட்சியம் என்று அவர் கருதினார். 1947-இல் நாடு பிரிந்தபோது ராவல்பிண்டி பாகிஸ்தானுக்குள் சென்றது. பாட்னா இந்தியாவில் நின்றது. சகோதரிகள் இரு பக்கமும் இருந்தார்கள்.

தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபின் அன்னா உரோமையில் வாழ்ந்தார். 1970-களில் ராவல்பிண்டித் திருக்குடும்ப மருத்துவமனை அரசாங்கத்தின் பொறுப்பில் சென்றது. அரை நூற்றாண்டு உழைத்து எழுப்பிய மருத்துவமனை கையைவிட்டுப் போனது சகோதரிகளுக்கு எளிதாக இருந்திராது. எனினும் அது மூடப்படவில்லை. இன்று அது மருத்துவ மாணவர் பயிலும் பெரிய அரசு மருத்துவமனை. இஸ்லாமிய நாடொன்றின் நகரத்தில், பிள்ளை பெறுவதற்காக நாள்தோறும் பெண்கள் வந்துகொண்டிருக்கும் அவ்விடத்துக்கு இன்றளவும் 'திருக்குடும்பம்' என்பதே பெயர்.

அன்னா டெங்கெல் தமது எண்பத்தெட்டாம் வயதில் உரோமையில் காலமானார். புனித இராயப்பர் பேராலயத்தை ஒட்டியுள்ள ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இறந்த நாள் 1980 ஏப்ரல் 17. அவர் கண்ணாலும் காணாத ஆக்னஸ் மக்லாரன் இறந்து சரியாக அறுபத்தேழு ஆண்டுகள் நிறைந்த நாள் அது.